டிஜே நவநீதனைப் பற்றி விசாரிக்க வந்தவருக்கு

வாங்க பெரியம்மா, உள்ள வாங்க. வாசல்ல நின்னு பேசினா இந்தக் காம்பவுண்டுல இருக்கற அத்தனை வீட்டுக்கும் கேட்டுடும். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த நாற்காலியில உட்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

பொண்ணு வீட்டுல இருந்துதானே வர்றீங்க? காங்கயம். பக்கத்து வீட்டு நவநீதனைப் பத்தி விசாரிக்க. நீங்க முதல் வீட்டுல கேட்டுட்டு, அடுத்த வீட்டுல கேட்டுட்டு, குடையை மடக்கிக்கிட்டு இங்க வர்றதைச் சன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நல்லதுங்க. விசாரிக்காம பொண்ணைக் கொடுக்கக் கூடாது. எனக்கும் எங்க அப்பா விசாரிச்சாரு. கேட்ட இடத்துல எல்லாம் மாப்பிள்ளை தங்கம், தங்கம்னாங்க. குறட்டையைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

நீங்க பொண்ணுக்கு என்ன ஆகணும்? அத்தைங்களா. பொண்ணோட அப்பாவுக்கு அக்கா. சரிங்க. பொண்ணு பேரு தாரணி, பி.காம். முடிச்சிருக்கு, வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம் வைக்கலாம்னு பேச்சு. எல்லாம் தெரியும். பையனைப் பிடிச்சிருக்கு, எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடற வேலை பிடிச்சிருக்கு, குடும்பமும் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது. பையன் டிஜேன்னு பேரை வெச்சுக்கிட்டு டப்பு டப்புன்னு ஏதோ பாட்டுப் பண்றானாமே, அதை விட்டுட்டானா இல்லையா. விட்டிருந்தா வெள்ளிக்கிழமை தட்டு மாத்தலாம், விடலைன்னா பேச்சே வேண்டாம்னு பொண்ணோட அப்பா சொல்லி அனுப்பியிருக்காரு. அதானுங்களே?

விட்டுட்டானுங்க.

அடியோட விட்டுட்டான். தை மாசமே விட்டுட்டான். பொட்டி, ஒயரு எல்லாத்தையும் கட்டிப் பரண்மேல போட்டுட்டான். வேற யாரு சொன்னாலும் இது நிஜமா பொய்யான்னு நீங்க யோசிக்கணும். நான் சொன்னா யோசிக்கவே வேண்டாம். இந்தக் காம்பவுண்டுல அவன் பாட்டை என்னை மாதிரி வெறுத்தவ யாரும் கிடையாது. அதுக்குத்தானே ஜோதிமணியக்கா, அவங்க அம்மா, காலையில வந்து, நீ சொன்னாத்தான் பரிமளா அவங்க நம்புவாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

சும்மா, பேச்சுக்குச் சொன்னாங்க.

பூவிழி, அதை வாயில வைக்காதே கண்ணு. கொடு இங்க. இவ ஒருத்தி, தரையில எதுவும் கிடக்கக் கூடாது. இருங்க, அடுப்புல பால் இருக்கு, காபி போட்டுக்கிட்டே பேசறேன்.

அந்தச் சுவத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ஒத்தைச் செங்கல். அந்தப் பக்கம் நவநீதன் கட்டில், இந்தப் பக்கம் எங்க பூவிழி தொட்டில். அவன் பேஸுன்னு அந்த அடிச் சத்தத்தை ஏத்தி வெச்சான்னா எங்க அலமாரியில டம்ளரெல்லாம் தானா நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிக்கும். நான் அதே வேலையா உள்ள தள்ளி வைப்பேன். அடுத்த பாட்டுக்கு மறுபடி வரும். எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், பகல் பூராவும் தூங்குவாரு, அவருக்கு இடி விழுந்தாலும் தெரியாது. எல்லாக் கஷ்டமும் எனக்குத்தான்.

நான் கல்யாணத்துக்கு முன்னால பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவங்க. ஓட்டை, கறை, தையல் விட்டது, எது இருந்தாலும் கண்ணு அங்கேதான் போய் நிக்கும், உடனே ஸ்டிக்கர் ஒட்டித் தனியா எடுத்துப் போட்டுடுவேன். இவன் பக்கத்துல குடியிருந்து குடியிருந்து அந்தப் பழக்கம் காதுக்கும் வந்துடுச்சு.

முதல்ல வந்தது ‘கனல்’. சிங்கிள்னு சொல்லுவாங்க பெரியம்மா. ஒத்தைப் பாட்டு. படத்துக்குக் கிடையாது, சாமிக்குக் கிடையாது, கல்யாணம் காதுகுத்துக்கும் கிடையாது. தானா, ஒத்தையா வர்ற பாட்டு. நெட்டுல விடுவாங்க, இஷ்டப்பட்டவங்க கேப்பாங்க. கனல்ல பாருங்க, பாதிப் பாட்டு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை. டுப், டுப், டுப், டுப். அப்புறம் ஒரு பொண்ணு, வா, வா, வாங்கறா. எங்கேன்னு சொல்லலை, எதுக்குன்னு சொல்லலை. நான் கைக்குழந்தையோட போய் நின்னு, வந்தாச்சுடா, அப்புறம்னு கேட்டேன். அது ஃபீல் அக்கா, அப்படித்தான் இருக்கும்கறான். என்னைவிடச் சின்னவன், அக்கான்னுதான் கூப்பிடுவான். மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. பாட்டுதான்.

இந்தப் பாட்டுல எல்லாம் ட்ராப்புன்னு ஒண்ணு உண்டுங்க. சத்தத்தை ஏத்துவான், ஏத்துவான், ஏத்திக்கிட்டே போவான். நமக்கு நெஞ்சு படபடங்கும், ஏதோ வரப்போகுதுன்னு இருக்கும். சட்டுனு நிறுத்துவான். அப்புறம் டமால்னு விழும். அந்த டமாலுக்குத்தான் ட்ராப்புன்னு பேரு, அதுக்குத்தான் பசங்க ஆடறதே. கனல்ல என்ன பண்ணினான் தெரியுங்களா? ஏத்தினான், ஏத்தினான், நிறுத்தினான். நிறுத்திட்டு, முன்னால அடிச்ச அதே டுப் டுப்பைத் திரும்ப அடிக்கறான். விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு உட்கார வெச்சுட்டு, காலையில மிஞ்சின உப்புமாவைக் கொண்டு வந்து வெச்ச மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ட்ராப்பு என்னன்னு தெரியாத வரைக்கும் நிம்மதியா இருந்தேன். தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் அது சரியா விழலைன்னா எனக்கு அன்னிக்கு வேலையே ஓடாது.

ரெண்டாவது ‘தூறல்’. இது முதல்ல வந்ததைவிட மோசம். மழைச் சத்தத்தைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? நான் பின்னால துணி காயப் போட்டுட்டு வந்து அப்பத்தான் உட்கார்ந்தேன். சோன்னு மழை. எழுந்து ஓடினேன். என்னைப் பார்த்து முதல் வீட்டுக்காரங்க ஓடினாங்க, அவங்களைப் பார்த்துக் கடைசி வீட்டுக்காரங்க ஓடினாங்க. ஈரத்துணியை எல்லாம் சுருட்டிக்கிட்டு நிமிர்ந்து பார்த்தா, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அந்தப் பக்கம் சன்னல்ல இவன் நின்னு சிரிக்கறான். அப்போ நிஜ மழை மாதிரியே இருக்கில்ல அக்கான்னு சந்தோஷம் வேற. நிஜ மழை பெய்யறதுக்கு வானம் இருக்கு, உனக்கு என்னடா அங்க வேலைன்னேன். அதுமட்டும் இல்லைங்க பெரியம்மா, பெருமழைக்கும் தூறலுக்கும் வித்தியாசம் இல்லையா? பேரு தூறல், உள்ள கொட்டறது அடைமழை. கேக்கறவங்களுக்குக் காது இருக்குதுங்கறதையே மறந்துடறான்.

சர்க்கரை போதுங்களா? இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?

மூணாவது ‘ரெண்டாம் ஷிப்ட்’. அதைப் பத்திப் பேசவே எனக்குப் பிடிக்கலை. துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின் ஓடற சத்தம், பட்டன் அடிக்கற சத்தம், சூப்பர்வைசர் விசில், அதையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு ஆட்டம். வாரம் பூரா அந்தச் சத்தத்துக்குள்ள கிடந்துட்டு ஞாயித்துக்கிழமை ஒரு நாள் காது ஆறட்டும்னு படுக்கறவங்ககிட்ட, இந்தா கேளுன்னு அதையே போட்டா எப்படி இருக்கும்? கம்பெனிப் பொண்ணுங்க எல்லாரும் திட்டினாங்க. திட்டிக்கிட்டே போன்ல ரிங்டோனா வெச்சுக்கிட்டாங்க. ஜனங்களைச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு தொகுப்பு. ‘பதினொன்று’ன்னு பேரு. பதினோரு பாட்டு, அதனால பதினொன்று. பேரு வைக்கறதுக்குக்கூட யோசிக்கலை. பென்டிரைவ்ல போட்டுக் கம்பெனி வேன்காரங்களுக்கு எல்லாம் கொடுத்தான். நான் உட்கார்ந்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். ஒரே மாவு. இட்லிப் பானையைத் திறந்தா பதினோரு குழியிலயும் ஒரே மாவு. ஒண்ணுல கொஞ்சம் கொத்தமல்லி தூவியிருக்கு, அவ்வளவுதான். எட்டாவது மட்டும் பரவாயில்லை. பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க, வாயில வெச்சா துப்பத் தோணலை, அந்த மட்டுக்கும். அதையும் கொண்டு போய் எட்டாவதா வெச்சிருந்தான். காலையில வேன்ல ஏர்றவங்க எட்டாவது பாட்டு வர்றதுக்குள்ள கம்பெனி வாசல்ல இறங்கிடுவாங்களே, யாரு கேப்பா? இதை முதல்ல வைடா, அந்த இழுவைப் பாட்டைச் சாயங்காலம் திரும்பி வர்றவங்களுக்குக் கடைசியில வை, தூங்கிக்கிட்டே வரட்டும்னேன். வெச்சான். அப்புறம் வேன்காரங்க எல்லாரும் இன்னொண்ணு எப்போ, இன்னொண்ணு எப்போன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அது அவன் திறமைன்னு ஜோதிமணியக்கா சொல்லிக்கறாங்க. வரிசை யாரு போட்டதுன்னு அவங்களுக்கு யாரு சொல்றது.

ஒரு நாள் முதல் வீட்டு அக்கா, அதான் நீங்க முதல்ல பார்த்துட்டு வந்தீங்களே, அவங்கதான், குழாயடியில வெச்சு, நவநீதன் பாட்டு நாய் ஊளையிடற மாதிரி இருக்குன்னாங்க. எந்தப் பாட்டு அக்கான்னேன். எல்லாமேதான்னாங்க. எல்லாமேன்னா எப்படிங்க? கேட்டுட்டுத் திட்டணும். கனல் வேற, தூறல் வேற. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு குறை இருக்கு. குறை எது என்னன்னு தெரியாம மொத்தமா ஊளைன்னு சொல்லிட்டுப் போறதுக்குப் பேரு திட்டறதா? அன்னையில இருந்து அவங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

நீங்க வேற யாராவது பண்ற பாட்டைக் கேட்டிருக்கீங்களா? சித்திரைத் திருவிழாவுக்கு ஈரோட்டுல இருந்து டிஜே புயல்னு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவனும் ஒரு தொகுப்பு விட்டிருக்கான். நூறு பாட்டாம். எல்லாம் பழைய சினிமாப் பாட்டு. அடியில இவன் டமால் டமால்னு ஒரு அடி. அடுத்தவன் சுட்ட தோசையை வாங்கிக் கத்தரிக்கோலால வெட்டி வெச்சுட்டு நான் சமைச்சேன்னா ஒத்துக்க முடியுமா? அந்தப் புயலோட வெச்சுப் பார்த்தா நம்ம நவநீதன் அதே திருவிழாவுல அன்னிக்குப் போட்டது எவ்வளவோ தேவலை.

எப்போன்னு கேக்கறீங்களா? போன வருஷத் திருவிழாங்க. இந்த வருஷம் அவன் எங்கே போட்டான். அதான் தை மாசமே விட்டுட்டானே.

அட, என் போன்ல எல்லாப் பாட்டும் இருக்கறதைப் பார்த்துட்டீங்களா? பூவிழி, போனைக் கொடு. அது வேறங்க. வீட்டு ஓனர்கிட்டப் புகார் சொல்றதுக்கு ஆதாரத்துக்கு வெச்சிருந்தேன். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாங்கல்ல. ஒண்ணு விடாம ஏத்தி வெச்சதுல இடம் பத்தாம, எங்க நாத்தனார் வளைகாப்புப் படத்தை எல்லாம் அழிச்சுட்டேன். அதுக்கு ஒரு சண்டை வந்துச்சு. ஓனர் இன்னும் வரலை. வந்தா காட்டணும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இப்போ கடைசியா பண்ணியிருக்கான் பாருங்க, ‘குழாய்’னு ஒண்ணு, அது கொஞ்சம் வேற மாதிரி. இந்த ஊர்ல தண்ணி எப்பவாவதுதான் விடுவாங்க பெரியம்மா, விட்டா காம்பவுண்டே குழாயடியில வரிசை கட்டும். வெறும் குடத்துல தண்ணி விழுந்தா முதல்ல கடகடன்னு அடியில கேக்கும், தண்ணி ஏற ஏறச் சத்தம் சன்னமாகி சன்னமாகி மேல வரும், நாம திரும்பிப் பார்க்காமலே குடம் நிறையப் போகுதுன்னு தெரிஞ்சு ஓடுவோம்ல? அந்தச் சத்தம். அதுதான் ஏத்தம். நிறைஞ்சு வழியுது பாருங்க, அங்க விழுது ட்ராப்பு. ஆனா பாவி பிளாஸ்டிக் குடத்துல பதிஞ்சு வெச்சிருந்தான். பிளாஸ்டிக்குல அந்த ஏத்தம் வருமா? பொத்துப் பொத்துன்னு கேக்குது. இதைப் போய்க் காசு கொடுத்துக் கேப்பாங்களாடா, இருன்னு சொல்லிட்டு, போன செவ்வாய்க்கிழமை தண்ணி வந்தப்போ எங்க எவர்சில்வர் குடத்தைக் கொடுத்தேன். எங்க அம்மா சீர் கொடுத்த குடம். ரெண்டாவது தடவை பதிஞ்சான் பாருங்க, அதுல...

என்னங்க பெரியம்மா? ஏன் டம்ளரைக் கீழே வெச்சுட்டீங்க?

போன செவ்வாய்க்கிழமைன்னா சொன்னேன்?

சொல்லிட்டேன் போல.

உட்காருங்க. பையை எடுக்காதீங்க. காங்கயம் பஸ்ஸு நிறைய இருக்கு. நான் பொய் சொன்னேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. தை மாசம் பாட்டை விட்டது நிஜம். பொட்டியைக் கட்டிப் பரண்மேல போட்டது நிஜம். அந்தச் சாமி சத்தியமா நிஜம். கீழே எடுத்ததைத்தான் சொல்லலை.

உங்க பக்கத்துல இருந்து பேச்சு வந்த உடனே விட்டானுங்க. அவங்க அம்மா அழுதாங்க, இவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. எனக்கு அன்னிக்குத் திருவிழாதான். டம்ளர் வெச்ச இடத்துலயே இருந்துச்சு. பூவிழி தொட்டில் ஆடாம நின்னுச்சு. சாமி கண்ணைத் திறந்துடுச்சுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் பார்த்தா, எங்க வீட்டுக்காரர் குறட்டை எனக்கு முழுசா கேக்குது. கல்யாணமாகி இத்தனை நாள்ல அது இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியவே தெரியாது. சரி, அதை விடுங்க.

இவன் வேலை விட்டு வருவான். செருப்பைக் கழட்டுவான். வாசப்படியில உட்காருவான். சாப்பிட்டீங்களா அக்காம்பான். நான் சாப்பிட்டேன்டாம்பேன். சரிம்பான். அவ்வளவுதான். மறுநாளும் அதே. வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரன் மாதிரி. ஜோதிமணியக்கா எங்க பையன் திருந்திட்டான், திருந்திட்டான்னு ஒவ்வொரு வீடா சொல்லிட்டு வந்தாங்க. எனக்கு என்னமோ காய்ச்சல்காரனைப் பார்க்கற மாதிரி இருந்துச்சு. திட்டலாம்னா எதைத் திட்டறது? அவன் கட்டியிருந்த கைலியையா?

அப்புறம் அவன் மறுபடி ஆரம்பிச்சதுக்கு நான் காரணம்னு ஜோதிமணியக்கா நினைக்கறாங்க. இது அநியாயம். நான் என்ன பண்ணினேன்? ஒரு நாள் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தேன், இவன் வாசப்படியில உட்கார்ந்திருந்தான். டேய், இந்தக் குடம் நிறையற சத்தத்துல இருக்கற உயிரு உன்னோட பதினோரு பாட்டுல ஒண்ணுலயாவது இருந்துச்சாடான்னு கேட்டேன். குத்தமாத்தானே சொன்னேன்? கேட்டு ரோசம் வந்து உள்ள போவான்னுதானே நினைப்பாங்க? இவன் எழுந்து வந்து குடத்துக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பதியறதுக்குப் போனை நீட்டிக்கிட்டு, இன்னொரு தடவை பிடிங்க அக்காங்கறான். குடத்தைக் கவுத்துட்டு மறுபடி பிடிச்சேன். தண்ணி வர்ற நேரத்துல, வரிசையில அத்தனை பேரு நிக்கும்போது, நிறைஞ்ச குடத்தைக் கவுத்துட்டேன் பெரியம்மா. முதல் வீட்டு அக்கா போட்ட சத்தம்கூட அந்தப் பாட்டுல இருக்கு. அவங்களுக்கு அது தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க. அன்னிக்குச் சாயங்காலமே பரண்ல இருந்து பொட்டி இறங்கிடுச்சு. சத்தம் வெளியில வராம காதுல மாட்டிக்கிட்டுத்தான் பண்றான். அம்மாவுக்குப் பயந்து. எனக்கு மட்டும் வந்து போட்டுக் காட்டுவான். திட்டு வாங்கறதுக்குன்னே வருவான்.

உங்களுக்குக் கோபம்தான். வரும். வரணும். ஆனா ஒண்ணு யோசிங்க. ஜோதிமணியக்கா வெள்ளிக்கிழமை வரைக்கும் மறைச்சுட்டாப் போதும்னு இருக்காங்க. நவநீதனுக்கு அதுல இஷ்டமில்லை, நானே போய்ப் பொண்ணு வீட்டுல சொல்லிடறேன்னான், அவங்க அம்மா விடலை. நானும் சரி, நம்மால ஒரு கல்யாணம் நிக்க வேண்டாம்னு ஒத்துக்கிட்டேன். மறைச்சா எத்தனை நாளைக்கு? உங்க தாரணி வந்து விளக்கு ஏத்தின மறுநாளே அந்த வீட்டு டம்ளரும் நகர ஆரம்பிச்சுடும். அப்போ அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அதனால உங்ககிட்ட என் வாய் தவறினது நல்லதுக்குத்தான். போய் அவங்க அப்பாகிட்ட இப்படியே சொல்லிடுங்க. விடலை. விடவும் மாட்டான். வெத்தலை பாக்கு கிடையாது, சிகரெட்டு கிடையாது, சம்பளக் கவரை அப்படியே அம்மா கையில கொடுப்பான், ஆனா பாட்டை விட மாட்டான். அதுவும் நல்ல பாட்டு கிடையாது. அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

என்னங்க? தாரணி அப்படிப்பட்ட பொண்ணு இல்லையா?

சொல்லுங்க, கேக்கறேன். அது வாயில்லாத பொண்ணுங்கறீங்க. எதுக்கும் மறுபேச்சுக் கிடையாது. குழம்புல உப்பு அதிகமா இருந்தாலும் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்துடும். அப்பேர்ப்பட்ட பொண்ணை இந்தச் சத்தத்துக்குள்ள கொண்டு வந்து தள்ளினா உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டு வாடிப் போயிடும்.

அப்படிங்களா.

அப்படின்னா வேண்டாமுங்க பெரியம்மா. எங்க பையனுக்கு அது ஒத்து வராது.

நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்லா இருக்கட்டும். ஆனா அவன் ஒரு பாட்டைப் போட்டுட்டு, எப்படி இருக்கு தாரணின்னு கேப்பான். அது நல்லா இருக்குங்கன்னு சொல்லும். அடுத்ததைப் போடுவான். அதுவும் நல்லா இருக்குங்கன்னு சொல்லும். உப்பு அதிகமா இருந்தாலும் பேசாம எழுந்து போற பொண்ணு வேற என்ன சொல்லும்? கனல்ல இருந்து குழாய்க்கு வர்றதுக்கு எத்தனை திட்டு வாங்கியிருக்கான் தெரியுங்களா? சும்மா வரலை. நான் இந்த வீட்டுலயே இருந்துடப் போறேனா? எங்க வீட்டுக்காரர் தாராபுரத்துல இடம் பார்த்துட்டு இருக்காரு. நாங்க போயிட்டா அவனுக்கு யாரு இருக்கா? எல்லாரும் ஒண்ணு அம்மா மாதிரி அழறாங்க, இல்லை முதல் வீட்டு அக்கா மாதிரி ஊளைன்னுட்டுப் போறாங்க. உட்கார்ந்து கேட்டு, இங்க தையல் விட்டிருக்குடான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்களே.

நான் பேசறதைப் பார்த்தா எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும்னு தோணுதா உங்களுக்கு? சிரிக்கறீங்க. பிடிக்காதுங்க. ஒண்ணுகூடப் பிடிக்காது. வேணும்னா கேட்டுப் பாருங்க. இந்தாங்க, குழாயையே போடறேன். நீங்களே சொல்லுங்க. இதைக் காதுல மாட்டிக்குங்க. அப்படி இல்லை, இந்தப் பக்கம் வலது காது. பூவிழி, பாட்டி மடியில இருந்து இறங்கு. பரவாயில்லைங்களா? சரி, இருக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

ம்.

ஆரம்பிச்சுடுச்சுங்களா? காபி ஆறட்டும், வேற போட்டுக்கலாம். இப்போ குடம் மாறும் பாருங்க, பிளாஸ்டிக் போயி எவர்சில்வர் வரும். வந்துச்சா? நான் பேசலை. நீங்க கேளுங்க.

முடிஞ்சுடுச்சுங்களா? எப்படி இருக்கு? பயப்படாம சொல்லுங்க.

“நடுவுல இழுக்குது.”

இழுக்குதா? எந்த இடத்துலங்க? முதல் குடம் நிறைஞ்சு, ரெண்டாவது குடத்தை வெக்கறதுக்கு முன்னால, அங்கதானே? சும்மா டுப் டுப்புன்னு அடிச்சுக்கிட்டே இருக்கான்ல, குடம் மாத்தறதுக்கு இவ்வளவு நேரம் எந்தப் பொம்பளைடா எடுத்துக்குவா, பின்னால நிக்கறவ சும்மா விடுவாளான்னு நானும் அதைத்தானுங்க சொன்னேன். கேக்க மாட்டேங்கறான். என் வாயே அப்படித்தான்னு விட்டுட்டான். ஒரே தடவை கேட்டுட்டுச் சொல்லிட்டீங்களே பெரியம்மா. முழுசா கேட்டுட்டுச் சொன்னீங்க பாருங்க.

ஏனுங்க, தாரணி உங்க தம்பி பொண்ணுதானே? சின்னதுல இருந்து உங்ககிட்டத்தான் வளர்ந்துச்சுங்களா? உங்ககிட்டயுமா வாயைத் திறக்காது? துணிக்கடைக்குப் போனா, இது வேண்டாம் அத்தை, ஓரம் நல்லா இல்லைன்னு உங்க காதுல சொல்லுமா, சொல்லாதா?

சொல்லும்ல. நினைச்சேன். அப்போ வாய் இருக்கு. வெளி ஆளுங்ககிட்டத்தான் திறக்கலை. அது பரவாயில்லை, பழகினா வந்துடும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவங்க வீட்டுக்குப் போக வேண்டாம், நேரா இங்க வாங்க. அங்க போனா அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடும். இந்தப் பக்கம், இந்தச் சுவத்துக்கிட்ட, நான் உட்கார்ற இடத்துல உட்காரட்டும். அவனைச் சத்தமா வைக்கச் சொல்றேன். கேட்டுட்டு வேணும்னா கட்டிக்கட்டும், வேண்டாம்னா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லட்டும்.

இப்போ உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவான். இருந்து நீங்களே சொல்லிட்டுப் போங்க. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா அவனுக்கு ஏறலை, பொண்ணு வீட்டுல இருந்து சொன்னா உடனே செய்வான். உங்க தம்பி சொல்லி அனுப்பினதை மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க. நிறுத்துன்னு சொல்லாதீங்க. நடுவுல கொஞ்சம் குறைன்னு சொல்லுங்க.